தலைக்கு மேல் இரண்டு புள்ளி நாலு மில்லி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இந்த வரியை எழுதும் நேரம் வரை இங்கு எல்லோரும் நலம். அடுத்த வரிக்கு உத்தரவாதம் தரும் நிலையில் நான் இல்லை. தங்கள் உடல்நலமும், சம்பந்தியம்மாளின் முழங்கால் வலி தேவலையா என்பதும், பட்டறையில் வேலை எப்படிப் போகிறது என்பதும் அறிய ஆவல்.

என் பெண் தங்கள் வீட்டு மருமகள் என்பதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. அதை நினைத்து நினைத்தே நாலைந்து தாள்களைக் கிழித்துப் போட்டேன். போனில் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. தங்கள் குரலைக் கேட்டால் நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். விஷயம், தாங்கள் அன்போடு செய்து கொடுத்த தண்ணீர்த் தொட்டியைப் பற்றியது. அதை மாடியில் ஏற்றி வைத்த அன்று தாங்கள் அதன் வயிற்றில் ஓங்கித் தட்டி, "ஆறு மில்லி இரும்புத் தகடு, சம்பந்தி. பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் அசையாது" என்று சொன்னீர்கள். நானும் பலமாகத் தலையாட்டினேன். தொட்டிக்கு நேர் கீழே எங்கள் சமையலறை என்பது அன்று யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

எனக்குப் பயந்த சுபாவம் என்று பெண் பார்க்க வந்தபோதே தாங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து வேலைக்காலம் முழுவதும் விபத்து மனுக்களையே படித்தவனுக்கு வேறு என்ன சுபாவம் வரும்? மற்றவர்கள் ஏணியைப் பார்த்தால் ஏணிதான் தெரியும், எனக்கு இடுப்பெலும்பு முறிவு தெரியும். போன வாரம் துணி காயப்போட மாடிக்குப் போனவன், தொட்டியின் பக்கவாட்டில் துரு கோடாக வழிந்திருப்பதைப் பார்த்தேன். அன்றோடு எனக்குச் சாப்பாடு இறங்குவது நின்றது.

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, அதாவது தங்கள் மகன், வெளியூர் போகிற வழியில் தன் பையொன்றை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். தொழிற்சாலைக் குழாய்களும் தொட்டிகளும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று அவர் அளக்கும் கருவி அதில் இருந்தது. கைக்கு அடக்கமான பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு முனை. அந்த முனையைத் தகட்டின் மேல் வைத்து அழுத்தினால் காதுக்குக் கேட்காத ஒலி ஒன்று உள்ளே போய், மறுபக்கத்தில் மோதித் திரும்பி வருமாம். அதற்கு ஆகும் நேரத்தை வைத்துத் தடிமன் இவ்வளவு என்று எண்ணில் காட்டிவிடுமாம். டாக்டரம்மா வயிற்றில் வைத்துப் பார்க்கிற ஸ்கேன் மாதிரிதான். தொட்டிக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியதே, அங்கே பிடித்தது சனி.

மாப்பிள்ளையைப் போனில் பிடித்தேன். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. "பெட்டி தலையில வட்டமா ஒரு சில்லு இருக்கும் பாருங்க மாமா. அதுல ஒரு சொட்டு ஜெல் வெச்சு, முனைய அழுத்திட்டு, சரிபார்க்கிற பட்டனத் தட்டுங்க. நாலுன்னு காட்டணும். ஜெல் இல்லாம வெச்சா நடுவுல காத்து நின்னு சத்தத்த உள்ள விடாது. நாலுன்னு காட்டிச்சுன்னா அதுக்கப்புறம்..." என்பதோடு இணைப்பு அறுந்தது. அதற்கப்புறம் என்ன இருக்கப் போகிறது, அளக்க வேண்டியதுதானே என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பையில் இருந்த ஜெல் காய்ந்து போயிருந்தது. சமையலறையில் இருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். "அத எடுத்துட்டு மாடிக்கு எதுக்குப் போறீங்க?" என்றாள் என் மனைவி. தொட்டிக்குத் தேய்க்க என்றேன். "உங்க தலைக்குத் தேய்ச்சுக்கோங்க, சூடாவது தணியும்" என்றாள். நான் பொருட்படுத்தவில்லை. எண்ணெய் வைத்ததும் சில்லில் நாலு என்று நிலையாக நின்றது. பரீட்சையில் தேறியவன் போல ஏணியில் ஏறித் தொட்டியில் முனையை அழுத்தினேன். இரண்டு புள்ளி நாலு. கொஞ்சம் தள்ளி வைத்தேன். இரண்டு புள்ளி நாலு. அடிப்பக்கம், மேல்பக்கம், துரு வழிந்த பக்கம், எங்கு வைத்தாலும் அதே எண்தான். மீதி மூன்று புள்ளி ஆறு மில்லி எங்கே போயிற்று சம்பந்தி? துரு தின்றதா, பட்டறையிலேயே யாராவது தின்றார்களா? வாய் திறந்து கேட்க முடியாததால் எழுத்தில் கேட்கிறேன், மன்னிக்க வேண்டும்.

சந்தேகம் வந்துவிட்டால் விடுமா? இறங்கி வந்து வாசல் கேட்டை அளந்தேன், இரும்புக் கட்டிலை அளந்தேன், கேஸ் சிலிண்டரையும் அளந்தேன். எல்லாம் காகிதம். சிலிண்டரின் எண்ணைப் பார்த்துவிட்டு அதை நகர்த்தவும் பயம், விட்டுவைக்கவும் பயம். "எல்லாமே மெலிசுன்னு காட்டினா கருவி மேல சந்தேகம் வராதா ஒரு மனுஷனுக்கு?" என்று என் மனைவி கேட்டாள். சில்லில் நாலு சரியாகக் காட்டியதே, கருவியை எப்படிச் சந்தேகப்படுவது? உலகமே மெலிந்துகொண்டிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்றேன். அவள் வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

பாரத்தைக் குறைப்போம் என்று தொட்டியின் அடிவால்வைத் திறந்தேன். தண்ணீர் பீறிட்டுக்கொண்டு போய்க் கீழ்வீட்டுத் தையல்காரர் வாசலில் வெட்டி விரித்து வைத்திருந்த துணிகளின் மேல் இறங்கியது. அவர் கத்தரிக்கோலோடு மாடிப்படி ஏறி வந்தார். "சார், உங்களுக்கும் எனக்கும் என்ன பகை?" என்றார். அவர் கத்தியிருந்தாலும் தேவலை. வால்வை மூடிவிட்டேன். மோட்டார் தானாக ஓடித் தொட்டி மறுபடி நிரம்பிவிட்டது.

இப்போது எதிர்ச்சாரிப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேருந்துகள் எனக்காக நின்று நின்று போகின்றன. இங்கிருந்து தொட்டியும் தெரிகிறது, அதன் கீழே சமையலறை ஜன்னலில் என் மனைவியும் தெரிகிறாள். "வெளியே வந்துடு" என்று எத்தனையோ முறை கூப்பிட்டுவிட்டேன். "அடுப்புல வேலை இருக்கு. நீங்க வேணா பஸ் ஏறிப் போங்க" என்கிறாள். சம்பந்தி, ஒளிப்பானேன், எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது எப்போதும் உள்ள பயம், அது பழகிவிட்டது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற இந்தப் பயம் எனக்குப் புதிது, இதை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. எனவே தாங்கள் தயவுசெய்து கிரேனுடன் வந்து தொட்டியை இறக்கி எடுத்துப் போக வேண்டும் என்று இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கங்கள். என் பெண்ணுக்கு ஆசிகள். தொட்டி விஷயத்தில் வரும் கோபத்தை அவள் மேல் காட்டாதிருக்கும்படி வேண்டுகிறேன். தாங்களும் தங்கள் குடும்பமும் நீண்ட ஆயுளோடு, கனமான பொருள் எதற்கும் கீழே நிற்காமல் வாழப் பிரார்த்திக்கும்,

தங்கள் சம்பந்தி.

பி.கு.: மேலே கண்ட குற்றச்சாட்டுகள் அனைத்தும் ரத்து. மாப்பிள்ளை வந்துவிட்டார். கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாமா, இது பிளாஸ்டிக் அளக்க வெச்சபடியே நிக்குது. கடைசியா நான் பிளாஸ்டிக் குழாயத்தான் அளந்தேன். பிளாஸ்டிக்குல சத்தம் மெதுவாப் போகும், இரும்புல வேகமாப் போகும். கருவியில எந்தப் பொருள்னு மாத்தி வெச்சாத்தான் கணக்கு சரியா வரும். அன்னிக்குப் போன்ல அடுத்து அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார். சில்லில் நாலு காட்டியதே என்றேன். "அந்தச் சில்லு என்னன்னு கருவிக்கு முன்னாடியே தெரியும். உங்க தொட்டி என்னன்னு நாமதானே சொல்லணும்?" என்றார். இரும்புக்கு மாற்றி, நல்ல ஜெல் வைத்து அளந்தார். எங்கு வைத்தாலும் ஆறு. துரு மூடியின் கீலிலிருந்து வழிந்ததாம். தாங்கள் சொன்ன சொல் மாறாதவர்.

கடிதத்தைக் கிழிக்கப் போனவன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு புள்ளி நாலு மில்லித் தொட்டி கிழியும், தண்ணீர் கொட்டும், நனைவோம், அவ்வளவுதான். ஆறு மில்லித் தொட்டி கிழியாது. வந்தால் முழுசாகத்தான் வரும். கோரிக்கை அதேதான், காரணம் மட்டுமே மாறியிருக்கிறது என்பதால் புதிதாக எழுதவில்லை. இந்தக் கணக்கை என் மனைவியிடம் சொன்னேன். "மாப்பிள்ளை அளந்தா சரியாத்தான் இருக்கும்" என்று கூரையை நிமிர்ந்து பார்த்தவள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னோடு தெருவுக்கு வந்துவிட்டாள். சமையல் பாதியில் நிற்கிறதே என்று இப்போது உள்ளே நின்று கிளறிக்கொண்டிருப்பவர் தங்கள் மகன்தான். கிரேனுடன் உடனே வரவும்.