நாலு காலுக்கு இரண்டு கம்பு

ஒரு காட்டில், பேசத் தெரிந்த மிருகங்கள் ஏராளமாகவும் கேட்கத் தெரிந்தவை கொஞ்சமாகவும் இருந்த ஒரு காட்டில், செங்கமலம் என்றொரு கடமான் இருந்தாள். நடுவயசு. இரண்டு குட்டி போட்டு வளர்த்து அனுப்பிவிட்ட உடம்பு. முன்னங்கால் முட்டியில் லேசாக ஒரு வலி உண்டு. குளிர் வந்தால் வரும், வெயில் ஏறினால் போய்விடும். ஓட்டத்தில் மட்டும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஏழு தடவை புலி துரத்தி ஏழு தடவையும் தப்பித்தவள். அதைப் பெரிய சாதனையாக எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை, ஓடியிராவிட்டால் சொல்ல வாயே இருந்திருக்காது என்பதால்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மார்கழியிலேயே ஓடையெல்லாம் வறண்டு, காட்டுக்கே பெரிய மடு ஒன்றுதான் தண்ணீர் என்று ஆகிவிட்டது. மடுவுக்குப் போகப் பாதையும் ஒன்றுதான். மற்ற மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை.

அந்தச் சமயத்தில்தான் வடக்கே பனி நாட்டிலிருந்து வலசை வந்த பெரிய வாத்து ஒன்று மடுக்கரையில் இறங்கியது. இறங்கியதும் தண்ணீர் குடிக்க வந்த கூட்டத்தை மேலும் கீழும் பார்த்து முகத்தைச் சுளித்தது.

"ஐயையே, என்ன இது? எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு மண்ணைப் பார்த்தே நடக்கறீங்க? எங்க ஊர்ல வந்து பாருங்க. எல்லாரும் நிமிர்ந்து நடப்பாங்க. கைக்கு ஒண்ணா ரெண்டு கம்பு. முட்டி வலின்னா என்னன்னே அங்க ஒருத்தருக்கும் தெரியாது!"

வாத்து பார்த்தது மனுஷர்களை. அதுவும் ஆகாயத்திலிருந்து. முட்டி வலிக்கிறதா என்று கீழே இறங்கி ஒருத்தரையும் கேட்டதில்லை. நம் மிருகங்கள் மட்டும் விசாரித்துவிடுமா என்ன? வெளிநாட்டிலிருந்து வந்த அலகு சொல்கிறது, அப்புறம் என்ன விசாரணை! அன்றைக்கே வாத்துக்கு 'மாஸ்டர்' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றே நாளில் கம்பு நடைச் சங்கம் பிறந்தது. செயலாளராகத் தணிகாசலம் என்கிற காட்டுப்பன்றி வந்து உட்கார்ந்தது. எந்தச் சங்கம் தொடங்கினாலும் தணிகாசலம்தான் செயலாளர். நோட்டும் ரப்பர் ஸ்டாம்பும் அது வீட்டில் எப்போதும் தயாராக இருக்கும். தலைவர் புலி. புலியின் பெயரை யாரும் முன்மொழியவில்லை. தொந்தி போட்டுவிட்டதென்று அதுவாக வந்து முன்வரிசையில் அமர்ந்தது, கூட்டம் பயத்தில் கைதட்டியது, தணிகாசலம் அதையே தேர்தல் என்று நோட்டில் எழுதிக்கொண்டது.

மறுநாள் பாதையின் வாயில் பலகை தொங்கியது: 'இது நடைப்பயிற்சித் தடம். உறுப்பினர் அல்லாதோர்க்கும் நாலு காலில் நடப்போர்க்கும் அனுமதி இல்லை.'

செங்கமலம் தணிகாசலத்தைத் தேடிக்கொண்டு போனாள்.

"அண்ணே, எனக்கு இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம். தண்ணி குடிச்சா போதும்."

"தண்ணி யாருக்கும்மா வேண்டாம்? தாராளமா குடி. நிமிர்ந்து வந்து குடி."

"நிமிர்ந்து நின்னுக்கிட்டு எப்படிண்ணே குடிக்கிறது?"

"அது மடுவுக்குப் போனப்புறம் உள்ள பிரச்சினை. சங்கம் பாதைக்கு மட்டும்தான் பொறுப்பு. இந்தா, ஃபாரத்தைப் பிடி."

ஃபாரத்தில் பதினாலு கேள்வி. பெயர், இனம், கால்கள் எத்தனை (சேருவதற்கு முன்), கைகள் எத்தனை (சேர்ந்த பின்), முட்டி வலி உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை. கடைசிக் கேள்வி, குதிகால் உண்டா என்பது. செங்கமலம் திரும்பித் தன் காலைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று 'உண்டு' போட்டுக் கொடுத்தாள். மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அந்த மூன்று பேரும் ஒரே வரிசையில் நின்றுகொண்டு வேறு மூன்று பேரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தபிறகுதான் அவளுக்கு உறுப்பினர் அட்டை கிடைத்தது.

பயிற்சி ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். அது தணிகாசலத்தின் யோசனை. மண்டலக் கணக்கு வைத்தால்தான் நம் ஆட்கள் எதையும் பயபக்தியோடு செய்வார்கள் என்று மாஸ்டரிடம் சொல்லியிருந்தது. முதல் பதினைந்து நாள் கம்பு கிடையாது. இரண்டு பின்னங்காலில் நின்று பழக வேண்டும், 'அடிப்படை நிலை' என்று பெயர். கரடி ஒன்றுதான் சுமாராக நின்றது. காட்டெருமை நின்ற இடத்திலேயே மடேரென்று விழுந்தது. செங்கமலத்துக்கு மூன்றாம் நாளே பின்னங்கால் முட்டிகள் இரண்டும் வீங்கிவிட்டன. அதுவரை வலி என்பதையே அறியாத முட்டிகள். காடு முழுக்க "அம்மா", "ஐயோ" என்று முனகல்தான்.

"பார்த்தீங்களா! இவ்வளவு வலியை உடம்புக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்திருக்கீங்க," என்றது மாஸ்டர்.

பதினாறாம் நாள் கம்பு வந்தது. கருமந்தி ஒன்று மூங்கில் வெட்டி, சீவி, அளவெடுத்துக் கொடுத்தது. கம்பை நட்டுப் பிடித்தால் முழங்கை சரியாக 'எல்' போல மடங்க வேண்டும், அதுதான் அளவு. குளம்பால் கம்பைப் பிடிக்க முடியாதவர்களுக்கு மரப்பட்டை நாரில் வார் செய்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிட்டது. மாஸ்டர் தலைக்கு மேலே வட்டமடித்தபடி பாடம் நடத்தியது. அது ஒரு நாளும் நடந்து யாரும் பார்த்ததில்லை.

"வலது காலோட இடது கம்பு! இடது காலோட வலது கம்பு! கம்பை முன்னாடி குத்தாதீங்க, பின்னாடி சாய்ச்சு ஊன்றித் தள்ளுங்க! பிடியை இறுக்காதீங்க, வாரை அழுத்துங்க, கை இடுப்பைத் தாண்டினதும் விரலைத் திறங்க! தோளைத் தளர்த்துங்க! குதிகால் முதலில், அப்புறம் பாதம் உருளணும், விரல் நுனியால உந்தணும்!"

செங்கமலத்துக்குத் திறக்க விரல் இல்லை. குதிகாலும் கஷ்டம்தான். மானுக்குக் குதிகால் இருக்கிறது, ஆனால் காலின் பாதி உயரத்தில், பின்பக்கமாக மடங்கி நிற்கிறது. நடப்பதெல்லாம் நகத்து நுனியில். அந்தக் குதிகாலை மண்ணில் முதலில் பதிக்க வேண்டுமானால் உட்கார்ந்துகொண்டுதான் நடக்க வேண்டும். அவளும் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாள். தாகம் எதைத்தான் செய்ய வைக்காது!

கம்பு வந்த பிறகு ஒரு அதிசயம் நடந்தது. எல்லோருக்கும் வலி பாதியாகக் குறைந்தது. சங்கத்து வாட்ஸப் குழுவில் ஒரே கொண்டாட்டம். 'முட்டியில் பாரமே தெரியவில்லை, மாஸ்டர் வாழ்க' என்று காட்டெருமை போட்டது. 'எடை நாலு பக்கமும் பரவுகிறது, என்னே விஞ்ஞானம்' என்று கரடி போட்டது. கும்பிடுகிற கை படம் மட்டும் நூற்றுக்கு மேல் வந்தது.

அடுத்த வகுப்பில் செங்கமலம் தயங்கித் தயங்கிக் கம்பை உயர்த்தினாள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். எடை நாலு பக்கமும் பரவறது, எதிர்க்கால் எதிர்க்கை போடறது, இதெல்லாம் நாம முன்னாடியே பண்ணிக்கிட்டு இருந்தோமே?"

"அது வெறும் நடைம்மா. இது டெக்னிக்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செங்கமலத்துக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது, கோபமும் வந்தது. இருந்தாலும் அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். அன்றைக்கு அவள் இன்னும் மடுவுக்குப் போகவில்லை.

இந்த நாற்பத்தெட்டு நாளில் ஒரு மிருகத்தைக்கூடப் புலி பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்? இரண்டு காலில் நின்றுகொண்டு, இரண்டு கம்பை ஊன்றிக்கொண்டு, தோளைத் தளர்த்திக்கொண்டு யாரைத் துரத்துவது? மண்டலம் முடியும்வரை நாலு காலில் இறங்கமாட்டேன் என்று தலைவர் என்ற முறையில் சத்தியம் வேறு செய்து தொலைத்திருந்தது. தொந்தி போனது. இடுப்பு போனது. விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "தலைவர் என்னமா இளைச்சிட்டாரு!" என்று பொறாமைப்பட்டார்கள். தணிகாசலம் பலகையில் பயன்களை எழுதி வைத்தது: முதுகு நிமிரும், தோள் உறுதிப்படும், மூச்சு விரியும், சாதாரண நடையைவிடக் கொழுப்பு அதிகம் கரையும், புலி பிடிக்காது.

மண்டலம் முடிந்த மறுநாள் காலையில் மடுக்கரையில் பரிசளிப்பு விழா. எடைக்குறைப்பில் முதல் பரிசு தலைவருக்கு. ஒரு நாளும் வகுப்புத் தவறாததற்காகச் செங்கமலத்துக்கு ஆறுதல் பரிசு. அதனால் அவளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பரிசு வாங்குகிறவர்கள் வாரை இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும் என்று உத்தரவு.

மேடையில் இருந்த புலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வையை அவள் இதற்கு முன் ஏழு தடவை பார்த்திருக்கிறாள். 

"அண்ணே, தலைவர் பார்வை சரியில்லை," என்றாள் பக்கத்தில் இருந்த தணிகாசலத்திடம், மெதுவாக.

"மேடைக் கூச்சம்மா அது. முதல் தடவை பேசப் போறாரில்ல."

புலி எழுந்தது. மைக்கைப் பார்த்தது. "எல்லாருக்கும் வணக்கம். இந்த நாப்பத்தெட்டு நாளா நான்..." என்று தொடங்கியது. இரண்டு கம்பையும் பத்திரமாக மைக்கின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, முன்னங்கால்களை மெல்லத் தரையில் இறக்கியது.

"அப்பாடா," என்றது புலி.

செய்முறை விளக்கம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. முதலில் விஷயம் புரிந்தது மாஸ்டருக்குத்தான். அது சடசடவென்று இறக்கையை அடித்துக்கொண்டு வடக்குத் திசையில் ஏறிவிட்டது; வலசை திரும்ப இன்னும் ஒரு மாசம் இருந்தது.

"யாரும் பதறக் கூடாது!" என்று கத்தியது தணிகாசலம். "வரிசையா கலையுங்க! எதிர்க்கை, எதிர்க்கால்! தோள் தளர்வா இருக்கட்டும்! குதிகால் முதலில்!" என்று சொல்லிக்கொண்டே, மற்றவர்களுக்கு முன்மாதிரியாகத் தானே நடந்து காட்டியது. பன்னிரண்டு எட்டு. ஒரு பிழை சொல்ல முடியாத பன்னிரண்டு எட்டு. பதின்மூன்றாவது எட்டில் புலி அதன் பின்கழுத்தைப் பிடித்துவிட்டது.

செங்கமலம் அதையெல்லாம் நின்று பார்க்கவில்லை. தணிகாசலம் கத்தத் தொடங்கியபோதே வலது வாரைப் பல்லால் கடித்து அறுத்திருந்தாள். இடது வார் அறுபடவில்லை. போகிறது என்று கம்போடு சேர்த்துக் காலைத் தரையில் அடித்தாள். மூங்கில் படாரென்று உடைந்தது. அப்புறம் நாலு காலில் ஓடினாள். பாறை, புதர், பள்ளம் ஒன்றும் கண்ணில் நிற்கவில்லை. ஐயோ, இதுதானே நான், இதுதானே என் கால் என்று ஓடிக்கொண்டே அழுதாள். பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. மலைச் சரிவில் போய் நின்றபோது எந்த முட்டியும் வலிக்கவில்லை.

விசாரணைக் கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்குத் தலைவர் புலி. சங்கத்து விதிப்படி வேறு யாரும் தலைமை தாங்க முடியாது. மூன்று நாள் விசாரித்து, 'அமரர் தணிகாசலத்தின் கம்பு இரண்டு விரற்கடை நீளம் அதிகம், அதுவே விபத்துக்குக் காரணம்' என்று முடிவு சொன்னார்கள். மாஸ்டர் பனி நாட்டிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தது: "கடைசி மூச்சு வரை குதிகாலை முதலில் வெச்ச மாணவர். அப்பேர்ப்பட்ட டெக்னிக்கை இனிமே யார்கிட்ட பார்ப்பேன்!" புலி அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதற்கு இப்போது கொஞ்சம் தொந்தி விழுந்திருந்தது.

கமிட்டி இன்னொன்றும் சொன்னது. கம்பை உடைத்துவிட்டுத் தடத்தில் நாலு காலில் ஓடிய செங்கமலத்தின் உறுப்பினர் அட்டை ரத்து.

இரண்டு நாள் தண்ணீர் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் தள்ளாடிக்கொண்டு சங்கத்துக்கு வந்தாள். கம்பு சீவிய கருமந்திதான் புதுச் செயலாளர்.

"தம்பி, நாலு கால்ல ஓடினதாலதான் நான் இன்னைக்கு உயிரோட நிக்கறேன். அதுக்கா தண்டனை?"

"தெரியும்க்கா. நானே மரத்து மேல இருந்து பார்த்தேன். என்ன ஓட்டம்! ஆனா அதை எப்படி நோட்டுல எழுதறது?"

"உள்ளதை எழுது."

கருமந்தி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "உள்ளதை எழுதினா தடம் எதுக்கு? சங்கம் எதுக்கு? நான் எதுக்கு? இந்தாங்கக்கா, நானே எழுதி வெச்சிருக்கேன். குளம்பை மட்டும் பதிச்சிட்டுப் போங்க."

தாளில் இப்படி இருந்தது: 'முறையான கம்பு நடைப் பயிற்சியால் எனது தோள்களும் மூச்சும் வலுப்பெற்றிருந்த காரணத்தால் மட்டுமே நான் உயிர் பிழைத்தேன்.'

செங்கமலம் இரண்டு தரம் படித்தாள். பொய், சுத்தப் பொய். கிழித்து அதன் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. ஜன்னல் வழியே மடு தெரிந்தது. தண்ணீர் வெயிலில் அசைந்துகொண்டிருந்தது. அவள் குளம்பை மையில் தொட்டுத் தாளில் பதித்துவிட்டு, புதுக் கம்பு இரண்டை வாங்கிக்கொண்டு போய், வயிறு முட்டக் குடித்தாள்.

இப்போது பாதையின் வாயில் அவள் படம் பெரிதாகத் தொங்குகிறது. 'கம்பால் உயிர் காத்த வீராங்கனை' என்று போட்டிருக்கிறார்கள். அடுத்த மண்டலத்துக்கு அந்தப் படத்தைப் பார்த்தே முப்பத்திரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் மான்கள் மட்டும் பத்தொன்பது. தலைவரும் மறுபடி கம்பு பிடித்துவிட்டார். வரிசையில் நிற்கிற புள்ளிமான்களில் யாராவது, "அக்கா, நிஜமாவே கம்பாலதான் தப்பிச்சீங்களா?" என்று கேட்பார்கள். செங்கமலம் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு மடுவைப் பார்ப்பாள்.

"ஆமா கண்ணு. கம்பாலதான்," என்பாள்.

நீதி: ஓடத் தெரிந்தால் உயிர் மட்டும்தான் மிஞ்சும். தண்ணீரும் வேண்டுமென்றால், ஓடவே இல்லை என்று எழுதிக் கொடுக்கத் தெரிய வேண்டும்.