ரம்பம் வெறுங்கையோடு திரும்பாது

அக்டோபர் 19, ஞாயிறு

மதிப்புக்குரிய ஆர்விட் பெரியப்பாவுக்கு, உங்கள் தம்பி மகள் பிரிட்டா வணக்கத்துடன் எழுதுவது.

எழுதுவதற்கே முதலில் மன்னிக்க வேண்டும். இருபது நிமிடக் கார் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று நினைப்பீர்கள். இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் ஜூடித் பெரியம்மா எடுத்தார். பனி எப்போது விழும் என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன். இங்கே அம்மா, அப்பா, நான் மூவரும் நலம். உங்கள் ரம்பமும் நலம்.

இரண்டு வாரத்துக்கு என்று அப்பா வாங்கி வந்த உங்கள் மேசை ரம்பம் மூன்று வருடமாக எங்கள் கராஜில் இருக்கிறது. சமையலறை அலமாரி வேலை முடிந்த மறுநாளே அவர் திருப்பித் தந்திருக்கலாம். ஜூலை நாலாம் தேதி விருந்தில் நீங்கள் எல்லார் முன்னாலும், "லைல், பேசாம என் உயில்லயே எழுதிடறேன், ரம்பம் தம்பிக்குன்னு. உனக்கும் உறுத்தாது பாரு" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அப்பா ரம்பத்தை அமுக்கிக்கொள்ள நினைக்கவில்லை பெரியப்பா. இவ்வளவு காலம் வைத்திருந்ததை எப்படி வெறுமனே திருப்பித் தருவது என்பதுதான் அவர் கஷ்டம். பெரியம்மாவின் கண்ணாடிப் பாத்திரம் எங்கள் வீட்டிலிருந்து என்றைக்காவது காலியாகத் திரும்பியிருக்கிறதா? பாத்திரம் என்றால் உள்ளே நாலு துண்டு ருபார்ப் கேக் வைத்துக் கொடுத்துவிடலாம். ரம்பத்துக்குள் எதை வைப்பது? ஆகவே அதற்கு ஒரு ஸ்டாண்டு செய்து, அதன் மேல் ஏற்றித் தருவது என்று முடிவெடுத்தார். பிளைவுட்டில், பூட்டுகிற சக்கரங்களோடு, வேலை முடிந்ததும் உருட்டிச் சுவரோரம் தள்ளிவிடுகிற மாதிரி. உங்கள் வாசலில் இறக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுவதாகத் திட்டம்.

ஒரே வார இறுதி வேலை என்றார். இது பதினைந்தாவது. பலகை பிடிக்கும் ஆள் நான். அம்மாவுக்கு முதுகு சரியில்லை. அப்பாவுக்குக் காகித ஆலையில் விழுந்ததிலிருந்து வலது கை தோளுக்கு மேல் ஏறாது. நவம்பர் மூன்றாம் தேதி நான் மில்வாக்கியில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். நம் குடும்பத்தில் கல்லூரிக்குப் போய் வாங்கிய முதல் வேலை என்று அம்மா தேவாலயத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். அதற்குள் ஸ்டாண்டு முடியாவிட்டால், அப்பா நாலடிக்கு எட்டடி பிளைவுட்டை ஒற்றைக் கையால் ஓடுகிற ரம்பத்துக்குள் தள்ளுவார். தள்ள மாட்டேன் என்றுதான் சொல்கிறார். தள்ளுவார்.

ஏன் இத்தனை நாள் என்று கேட்பீர்கள். முதலில், உங்கள் மேசை ரம்பத்துக்கு மட்டும் செய்தால் போதாது என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது. "அண்ணன்கிட்ட சாய்வெட்டு ரம்பம் ஒண்ணு தரையில கெடக்கு. ஒண்ணுக்கு இடம் விட்டுட்டு இன்னொண்ணுக்கு விடலன்னா அரைகுறையா இருக்காதா?" என்றார். உங்களிடம் அளவு கேட்க முடியாதே. ஆகஸ்டில் அம்மா உங்கள் வீட்டுக்கு வந்து, குளியலறை எங்கே என்று தேடிக்கொண்டு நிலவறைக்குள் போய் இருபது நிமிடம் காணாமல் போனது நினைவிருக்கும். அம்மாவுக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை, பெரியம்மா அனுப்பிய மாத்திரைக்கு நன்றி. அங்கே கிடக்கும் சாய்வெட்டு ரம்பத்தை அளக்கத்தான் போனார், டேப்பை மறந்துவிட்டார்.

"அகலம் ரெண்டு கைப்பை, ஒரு சாவிக்கொத்து" என்றார் வந்ததும்.

"சாவிக்கொத்து விரிச்சா, மடிச்சா?"

"விரிச்சு. இல்ல, மடிச்சு. லைல், நான் பயந்துட்டே அளந்தேன், நீ வேற!"

அந்தக் கைப்பை இரண்டு வாரம் கராஜில் இருந்தது. அம்மா தேவாலயத்துக்குக் காகிதப் பையோடு போனார்.

ஸ்டாண்டு எழுந்து நின்றது. ரம்பத்தை ஏற்றினால் மேசை அப்பாவின் மார்புக்கு வந்தது. சக்கரத்தின் உயரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாலரை அங்குலம் குறைக்க வேண்டும். குறைக்க ரம்பம் வேண்டும். ரம்பம் ஸ்டாண்டின் மேலே இருந்தது. இறக்கித் தரையில் வைத்து, இருவரும் முழங்காலிட்டு அறுத்தோம். டேப்பின் நுனிக் கொக்கி வளைந்திருப்பதால் அப்பா ஒன்றாம் அங்குலத்திலிருந்துதான் அளப்பார், கடைசியில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார். நீங்களும் அப்படித்தான் அளப்பீர்கள் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். இடப்பக்கம் கூட்டிக்கொண்டார், வலப்பக்கம் மறந்துவிட்டார். உயரமாக நின்ற பக்கத்தில் இன்னும் ஒரு அங்குலம் எடுத்தால் சரியாகிவிடும். கவிழ்த்துப் போட்டிருந்ததில் பக்கம் மாறிவிட்டது. குட்டையான பக்கத்திலேயே எடுத்தார். நிமிர்த்திப் பார்த்துவிட்டு "ம்" என்றார். எங்கள் வீட்டில் அது ஒப்பாரிக்குச் சமம். மறுபடியும் புதுப் பலகை வாங்கினோம்.

எதிர்வீட்டு ராட்னி மூன்று சனிக்கிழமை வந்து பையில் கைவிட்டு நின்று, "கை குடுக்கட்டுமா லைல்?" என்று கேட்டார். "வேணாம்ப்பா, முடியப்போவுது. காபி குடிச்சிட்டுப் போ" என்று மூன்று முறையும் அப்பா அனுப்பிவிட்டார். ராட்னி காபி குடித்துவிட்டுப் போனார்.

பிறகு, போன சனிக்கிழமை. அடுத்த வரியை உட்கார்ந்து படியுங்கள். கராஜ் தரை, காரிலிருந்து உருகும் பனி ஓடுவதற்காகச் சரிவாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். பூட்டுகிற சக்கரம் இரண்டையும் சுவர்ப் பக்கம் மாட்டிவிட்டு, அந்தப் பக்கம் போக முடியாததால் பூட்டாமலே விட்டார். நாங்கள் சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வந்தால் ஸ்டாண்டைக் காணோம். ரம்பத்தோடு வாசல் சரிவில் இறங்கி, தெருவைக் கடந்து, ராட்னியின் தபால் பெட்டிக் கம்பத்தைச் சாய்த்து நின்றிருந்தது. ரம்பத்துக்கு ஒரு கீறல் இல்லை, சத்தியம்.

"லைல், உங்கண்ணன் ரம்பம் எங்க வீட்டுக்கு வந்திருக்கு" என்றார் ராட்னி வீட்டுச் செருப்போடு வந்து நின்று. அப்பா சிரித்தார். ராட்னி சிரிக்கவில்லை. "விளையாட்டில்ல. எங்கப்பா நட்ட கம்பம்யா இது. பதினாலு வாரமா அங்க என்னதான் பண்ற? ஒரு கோடு நேரா இருக்கா அதுல?" என்று திட்டிக்கொண்டே எங்களோடு ஸ்டாண்டைத் தள்ளி வந்தார். கராஜுக்குள் வந்தும் நிறுத்தவில்லை. அப்பா தலை நிமிராமல் பலகையைக் கவ்வும் கிளாம்ப் ஒன்றை அவர் கையில் கொடுத்து, "திட்டு, ஆனா இதைப் பிடிச்சிக்கிட்டே திட்டு" என்றார். ராட்னி இரண்டு மணி நேரம் திட்டினார். இந்த மூன்றரை மாதத்தில் உருப்படியாக வேலை நடந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். கம்பத்தை நட்டுக் கொடுத்ததும் ராட்னியின் கோபம் ஆறிவிட்டது. நேற்று வந்து, "கை குடுக்கட்டுமா?" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

இப்போது இழுப்பறையும், பக்கத்தில் விரிகிற பலகையும் பாக்கி. முழுதாக இரண்டு பிளைவுட் அறுக்க வேண்டும். அப்பாவுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் பெரியவர், கோபத்தை மறந்துவிடுங்கள். 'அவசரமில்லை, மெதுவாகத் தா' என்று ஒரு வரி அவருக்கு எழுதிப்போட்டால் மனம் ஆறிவிடும். பெரியம்மாவின் முழங்கால் குளிருக்கு முன் குணமாகட்டும். உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும்.

பணிவுடன்,
பிரிட்டா

பி.கு.: பெரியப்பா, மேலே கேட்டதைச் செய்யாதீர்கள். அவசரமில்லை என்று எழுதினால் இன்னும் மூன்று வருடம் ஆகும். மன்னிக்கவும் வேண்டாம். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரம்பத்தை எடுத்துப்போக வந்ததாகச் சொல்லிக்கொண்டு டிரக்கில் வாருங்கள். உதவ வந்தவர்களை அப்பாவுக்குத் திருப்பி அனுப்பத் தெரியும். சண்டைக்கு வந்தவர்களை அனுப்பத் தெரியாது. நன்றாகக் கோபித்துக்கொண்டு வாருங்கள், பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அந்தக் கோபமும் ஒரே நாளில் ஆறிவிட வேண்டாம். முதல் தேதி நான் கிளம்பிவிடுவேன். அதற்கப்புறமும் சனிக்கிழமைதோறும் கொஞ்சம் கோபமாக வந்துகொண்டிருப்பீர்களா?