பீப்பாய் மேல் ஒரு கிடங்கு

யோசனைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் காலை பாசஞ்சரில் ஏறிப் பாருங்கள், பெட்டிக்கு ஒருவராவது அகப்படுவார். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், மடியில் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும், ரயில்வேக்காரன் தண்டவாளத்தை எப்படிப் போட்டிருக்க வேண்டும் என்று தொடங்கி, எண்ணூரில் புதிதாக எழும்பியிருக்கும் புகைபோக்கி எங்கே நின்றிருக்க வேண்டும் என்பதுவரை சொல்லிக்கொண்டே வருவார், கேட்டுக்கொண்டிருந்தவர் மீஞ்சூரில் இறங்கிவிட்டாலும் நிறுத்த மாட்டார். ஆளைப் பார்த்தால் சாது. வாயைத் திறந்தால் தொலைந்தீர்கள். எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? கவரைப்பேட்டையில் ஏறும் அந்த ஆள் நான்தான்.

யோசனை வருவது குற்றமா? யாருக்குத்தான் வரவில்லை? வந்த யோசனை நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்ன பிறகும் அதைச் சும்மா விடாமல் நோண்டிக்கொண்டே இருப்பதுதான் எங்கள் வியாதி.

போன வருஷம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு கம்பெனி கிடங்கு கட்ட வந்தது. கரையோரத் தண்ணீரில் மண்ணைக் கொட்டி மேடாக்க அனுமதி கேட்டது. அந்த முழங்கால் தண்ணீரில்தான் குப்பத்துப் பெண்கள் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். மேடாகிவிட்டால் அவர்கள் வீட்டில் உலை ஏறாது. குப்பத்துத் தலைவர் நாகமுத்து பொன்னேரியில் என் பெட்டியில் ஏறி இதைச் சொல்லிப் புலம்பினார். நான் விடுவேனா?

"மண் எதுக்குய்யா? காலித் தார் பீப்பாய்களைக் கட்டி, மேலே பலகை போட்டு, கிடங்கையே மிதக்க விடச் சொல்லு. ஆழத்துல போய் நிக்கட்டும்!"

பெட்டியே தலையாட்டியது. நாகமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே வந்து ஆபீசராண்ட சொல்லிடுங்க சாரு. எங்களுக்கு இம்மாம் பேச வராது."

அனுமதி பற்றிய விசாரணையன்று அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கம்பெனி மானேஜரும், "செலவு குறையும்னா எங்களுக்கு ஆட்சேபணை இல்லை சார்" என்றார். அதிகாரி பேனாவைத் திறந்தார். ஒரு மனிதன் உட்கார வேண்டிய நேரம் அதுதான். நான் உட்காரவில்லை.

"பீப்பாய் காத்துல ஆடும் சார். அதைவிடத் தூண் நட்டு மேல கட்டிட்டா ஆடாது."

பேனா நின்றது. "ஆழத்துல தூண் நடறது கஷ்டமாச்சே?"

கேள்வி கேட்டுவிட்டாரே! எனக்குப் புல்லரித்தது. "கரையோரமாவே நட்டுடலாம் சார். சேத்துல சாயாம இருக்க, சுத்திக் கல்லைப் போட்டுட்டாப் போச்சு."

"லாரி எப்படிப் போகும்?" என்றார் மானேஜர்.

"நடுவுல கொஞ்சம் மண்ணைக் கொட்டிட்டா, லாரி என்ன, ரயிலே போகலாம்!"

இறால் பிடிக்கும் பெண்களுக்காக வந்திருந்த செங்கம்மாள், நாகமுத்துவின் காதைக் கடித்தது எனக்கே கேட்டது. "இன்னாண்ணா, இவுரு நம்ம பக்கந்தானே பேசிக்கினு கீறாரு?"

"கடைசியில நீங்களும் கம்பெனி கேட்டதைத்தான் சொல்றீங்க" என்றார் அதிகாரி. எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

லாரி லாரியாக மண் வந்தது. செங்கம்மாள் இப்போது இறாலுக்காக ஏரியின் மறுகோடிக்கு நடக்கிறாள். என்னை அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாத அவமானமாக இருக்கிறது. போன வாரம் பொன்னேரி பிளாட்பாரத்தில் பார்த்தபோது, "அவ்வளவு தூரம் நடக்கறியேம்மா, அதுக்கு ஒரு வழி சொல்றேன்" என்று ஆரம்பித்தேன்.

"வாணாம் சாரு" என்று கும்பிட்டாள். "மிச்சம் கீற தண்ணியாவது இருந்துட்டுப் போவட்டும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் பீப்பாய் ஆடும் என்று நான் சொன்ன இடத்தில், 'நாலு பக்கமும் நங்கூரம் போட்டிருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதல்லவா? நல்ல யோசனைதான். தயவுசெய்து வெளியே சொல்லிவிடாதீர்கள். கேட்டு மயங்கி எந்தக் குப்பமாவது உங்கள் கையையும் பிடித்துக்கொள்ளும். அவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.