ஞாபகக் குற்றம்

உருமலை நாட்டில் ஆண்டுதோறும் அறுவடைத் திருநாளன்று அரண்மனை ஒரு புது விலங்கை வெளியிடும். மழை பொய்த்து அறுவடை நின்றுபோன பிறகும் வெளியீடு மட்டும் நிற்கவில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்கி வளர்க்க வேண்டும் என்பது சட்டம். ஒன்று விடாமல் சேர்த்த வீட்டுக்குத்தான் வாக்குரிமை.

இந்த விலங்குகளை உருவாக்குவது கொடிமுல்லையின் வேலை. வேலைக்கு வந்த ஆண்டில் தன் முதல் விலங்கை அவள் மனதாரச் செய்தாள்: மூன்று கண்ணும் பானை வயிறுமாக ஒரு பூனை. பிறகு வந்தவை எல்லாம் அதே பூனைதான். ஒரு வருடம் நீலச் சாயம், ஒரு வருடம் இறக்கை, ஒரு வருடம் கொம்பு. பெயர் மட்டும் தவறாமல் மாறியது. அது எலி பிடிக்காது. ஆனால் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். ஊர்க் கிணறு வற்றியதே அதனால்தான். இப்போது அரண்மனை வண்டி கொண்டுவரும் தண்ணீர்தான் எல்லோருக்கும்.

கொடிமுல்லைக்கு மனம் கேட்கவில்லை. மண்ணை முகர்ந்து ஊற்றைக் கண்டுபிடித்துத் தோண்டும் நீள நகமுள்ள ஒரு விலங்கைச் செய்து, உருவ அமைச்சர் முன் கொண்டுபோய் நிறுத்தினாள்.

அமைச்சர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இது எதை மாதிரிம்மா இருக்கு?"

"எதை மாதிரியும் இல்லீங்கய்யா. புதுசு."

"அதான் குறையே! பார்த்த முகம்னாதான் ஜனங்க நம்பி வளர்ப்பாங்க. புதுசுன்னா என்ன? பழசுதான், பேரு வேற. சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. அதுவும் போக, இது தோண்டித் தண்ணி வந்துட்டா, நம்ம வண்டியை யாரு தேடுவா?"

நகத்தை வெட்டினார்கள். பானை வயிற்றை ஒட்டினார்கள். அந்த ஆண்டின் புது விலங்கு அதுதான். "போன வருஷமும் இதே பூனைதானே?" என்று சந்தையில் யாரோ கேட்டுத் தொலைத்தார். உடனே ஞாபகக் குற்றச் சட்டம் வந்தது. பழையது நினைவிருப்பதாகச் சொல்பவர் வீட்டில் தண்ணீர் வண்டி நிற்காது.

"தேர்தல் வருதுடி. புது ராசா வந்ததும் முதல் வேலை கிணறுதானாம்" என்றாள் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயி. அவள் பிள்ளைக்கு நாக்கு வறண்டு வெடித்திருந்தது. கொடிமுல்லையும் அந்தப் பேச்சை நம்பினாள். நம்பாமல் இருக்கவும் தெம்பு வேண்டுமே.

தேர்தல் முடிந்தது. முடிசூட்டு நாள் காலையில் அவளை அரண்மனைக்கு அழைத்தார்கள். புது ராசாவுக்கு ஒரு கொம்பு வைக்க வேண்டுமாம். நாற்காலியில் பழைய ராசா கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தார்.

துளை போடுவதற்காக அவர் தலைமுடியை விலக்கினாள். துளை ஏற்கெனவே இருந்தது. அதில் காய்ந்த பசையும் இருந்தது. முதுகில் இறக்கை ஒட்டிய தழும்பு. காதோரம் நீலச் சாயம்; அது அவள் விரலிலும் ஒட்டிக்கொண்டது.

"பயப்படாம வைம்மா" என்றார் ராசா, கனிவாகவே. "உனக்கு முன்னாடி இருந்தவளுக்குக் கை ரொம்ப லேசு. வலிக்கவே வலிக்காது."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது. கொம்பை நேராக வைத்தாள்.

வெளியே கூட்டம் ஆர்ப்பரித்தது. வெள்ளைத்தாயி காலிக் குடத்தோடு முண்டியடித்துக்கொண்டு வந்தாள். "கிட்டப் பார்த்தியே, புது ஆளுதானேடி? கிணறு வெட்டுவாருல்ல?"

கொடிமுல்லை தன் வீட்டு வாசலில் நிற்காமல் போகக்கூடிய வண்டியை நினைத்தாள். "புதுசுதான்க்கா."

வெள்ளைத்தாயி அவள் விரலில் இருந்த சாயத்தையும் மேடையில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கும் அப்படித்தான்டி தோணுது" என்று சொல்லிவிட்டு, குடத்தைக் கீழே வைத்துக் கைதட்டத் தொடங்கினாள்.