அக்காவின் மைனாவும் ஏகமனதான தீர்மானமும்

வெள்ளவத்தை,
ஆவணி, 1938.

பேரன்புக்கும் மதிப்புக்கும் உரிய அன்னபாக்கியம் அக்கா அவர்களுக்கு,

தம்பி வரதராசா பணிவுடன் எழுதுவது. மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதும், நீங்கள் பேரனைக் கீழே வைக்காமல் தூக்கித் திரிவதும் அறிந்து மட்டற்ற மகிழ்ச்சி. இங்கு நானும் சரோஜினிதேவியும் பிள்ளைகளும் நல்ல சுகம். நீங்கள் யாழ்ப்பாணம் போகும்போது எங்களிடம் விட்டுப்போன மைனாவைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. கதிரையில் இருந்துகொண்டு வாசியுங்கோ.

எங்கள் வாசிகசாலைச் சங்கத்தில் மாதம் ஒரு பேச்சு நடப்பதும், நான் அதன் கௌரவ காரியதரிசி என்பதும் நீங்கள் அறிந்ததே. இம்முறை பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிப்போக, காட்டு விலங்குகளையும் பறவைகளையும் காப்பது பற்றி நானே பேசினேன். யானை சுடுகிற துரைமாரை ஒரு பிடி பிடித்தேன்; நன்றாகக் கைதட்டினார்கள். மான் இறைச்சி வத்தல் தின்பவர்களைப் பிடித்தேன். கைதட்டல் கொஞ்சம் குறைந்தது. அந்தக் குறையைச் சரிக்கட்டப் போய்த்தான் கூண்டுப் பறவைக்கு வந்தேன். "சிறகு கொடுத்த ஆண்டவன் கூண்டையுமா கொடுத்தான்?" என்று கேட்டதும் சபை எழும்பி நின்று தட்டியது. தட்டி ஓய, தெருமுனைக் கடை ஸவாஹிர் நானா எழும்பினார். சூதுவாது தெரியாத மனிசன். "ஐயா, ஒங்கட வூட்டு மைனாவுக்குத்தானே நாளாந்தம் எங்கட கடையில பப்பாசி வாங்குறீங்க? அத எப்ப தொறந்து வுடப்போறீங்க?" என்றார். தலைவர் நாகேந்திரம் பிரக்கிராசியார் கோட்டில் வழக்குப் பேசிப் பழகியவர். உடனே, மைனாவை இன்றே விடுதலை செய்ய வேண்டும் என்று முன்மொழிந்தார். வழிமொழிந்தது ஆரென்று நினைக்கிறீர்கள்? இந்தச் சங்கத்தில் ஆர் எதை முன்மொழிந்தாலும் வழிமொழிகிறது நான்தான், அக்கா. மேசை வாங்கவும் நான், அனுதாபத் தீர்மானத்துக்கும் நான். வாய் தன்பாட்டில் "வழிமொழிகிறேன்" என்று சொல்லிப்போட்டுது. ஏகமனதாக நிறைவேறியது.

சபை முழுவதும் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தது. சனத்தைக் கண்ட சரோஜினிதேவி எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். கூண்டைத் திறந்தேன். அது வெளியே வரவில்லை. அதோடு விட்டிருக்கலாம். சபையார் உற்சாகப்படுத்துவதற்காகக் கைதட்ட, சத்தத்துக்குப் பயந்து பறந்து மதிலில் இருந்தது. திரும்பிப் பார்த்து, அத்தானைப் போலவே இருமி, அவருடைய குரலில், "அன்னம், குடை எங்கை?" என்று கேட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கமாகப் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரேல்லை. அத்தான் கண்மூடிய பிறகு அவருடைய குரல் மிச்சமிருந்தது அந்த ஒரு தொண்டையிலேதான். அது கேட்கும்போதெல்லாம் நீங்கள் குசினியிலிருந்து "கதவுக்குப் பின்னாலை" என்று மறுமொழி சொல்லுவீங்கள். அதைப்போய் நான் நாலு பேர் கைதட்டலுக்கு வித்துப்போட்டேன், அக்கா.

கொள்ளுப்பிட்டியிலிருந்து இரத்மலானை வரை தேடாத மரம் இல்லை. ஹெவ்லொக் டவுனில் ஒரு மாமரத்தடியில் நின்று, மைனா மறுமொழி சொல்லுமென்று "அன்னம், அன்னம்" என்று குழைந்து கூப்பிட்டேன். அந்த வீட்டு அம்மாவுக்கும் அதே பெயராம். புருஷன்காரன் தடியோடு வந்தான். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன். காரியதரிசி வேலையை விட்டாயிற்று. கூண்டை உடைத்து அடுப்பில் வைத்தாயிற்று. இனி இந்த ஜென்மத்தில் மேடை ஏறமாட்டேன். மன்னிக்கச் சொல்ல எனக்கு முகமில்லை. ஏச வேண்டியதையெல்லாம் ஏசி எழுதுங்கோ.

மகளைப் பத்தியம் தப்பாமல் இருக்கச் சொல்லுங்கோ. பேரனுக்கு எங்கள் முத்தம். நல்லூரான் உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்பானாக.

உங்கள் முகத்தில் முழிக்க வெட்கப்படும் தம்பி,
வரதராசா.

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்னம் ஸவாஹிர் நானா சாக்கோடு ஓடிவந்தார். மைனா பசி தாங்காமல் அவருடைய கடைப் பப்பாசிக் கூடையில் வந்து இறங்கியதாம், அமுக்கிப் பிடித்துவிட்டார். புதுக்கூண்டு வாங்கி, சங்கத்தார் கண்ணில் படாமல் உள்ளறையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். சற்று முன் கொட்டாஞ்சேனைச் சங்கத்திலிருந்து பற்றிக் என்பவர் வந்து, அதே பேச்சை அங்கும் பேச வேண்டுமென்று கேட்டார். ஓம் என்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்து அத்தான் உள்ளேயிருந்து இருமினார். "ஆர் உள்ளுக்கு?" என்றார் பற்றிக். "எங்கட அத்தான் வந்து நிற்கிறார்" என்றேன். "அப்ப அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பொய்தான், அக்கா. ஆனால் அதைச் சொன்னபோது மனதுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குத்தான் விளங்கும்.