கர்னலின் இடது கையுறை

அமெரிக்கக் குடியரசு நிலைத்து நிற்பதற்கு அரசியல் சட்டமே காரணம் என்று விவரம் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். உண்மைக் காரணம், பென்சில்வேனியாவில் வாரன்ஸ்கில் என்ற எங்கள் ஊரில், ஃப்ரீமேசன் சகோதரர் சங்கக் கூடத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஓர் இடது கையுறை. மாநிலத்தின் முதல் சட்டமன்றத்தில் முழங்கிய கர்னல் ஆப்நர் த்ரூப் அணிந்தது. 'எங்கள் சகோதரர்' என்று கீழே பித்தளைத் தகடு சொல்கிறது. பித்தளையில் எழுதியதை இங்கே யாரும் மறுத்ததில்லை.

இந்த ஆண்டு தேசத்துக்கு இருநூற்றைம்பது வயது. "கர்னலைப் பத்தி ஆதாரத்தோட ஒரு புத்தகம் போட்டுடணும்" என்றார் எங்கள் தலைவர் வெண்டெல் ஹக்கின்ஸ். டயர் கடை வைத்திருக்கிறார். டயரை மாற்றச் சொல்வார், வரலாற்றை மாற்ற விடமாட்டார்.

ஆராயும் பணி ரஸ்ஸல் பிங்காமுக்குப் போனது. மாவட்ட ஆவண அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் சங்கத்தில் சேர விண்ணப்பித்திருந்தார். மனைவி இறந்த பிறகு தனியாகச் சாப்பிட முடியவில்லை, வியாழக்கிழமை விருந்தில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்று 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதியிருந்தார். செயலாளரான நானே அதை இரண்டு முறை படித்தேன்.

மூன்று வாரம் கழித்து, எங்கள் சங்கத்தின் 1794-ஆம் வருடக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தோடு சபைக்கு வந்தார்.

"கர்னல் உறுப்பினரே இல்லைங்க" என்றார் ரஸ்ஸல். "சேரணும்னு வந்திருக்கார். நம்ம சங்கத்தைப் பைபிள்ல வர்ற சாலமன் ராஜாவே ஆரம்பிச்சார்னு யாரோ சொல்ல, 'அதுக்குக் காகிதம் இருக்கா'ன்னு கேட்டிருக்கார். ஓட்டுப் பெட்டியில ஒரு கறுப்பு உருண்டை விழுந்துடுச்சு. திருப்பி அனுப்பிட்டாங்க."

எங்கள் வழக்கம் அன்றும் இன்றும் ஒன்றே. எல்லோரும் வெள்ளை உருண்டை போட்டால் ஆள் உள்ளே. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் வெளியே. யார் போட்டது என்று கேட்பது பாவம்.

"அப்ப அந்தக் கையுறை?" என்றார் வெண்டெல்.

"வெளி அறையில காத்திருந்தப்ப மறந்து விட்டுட்டுப் போயிருக்கார். 'திருப்பிக் கொடுத்தனுப்பவும்'னு எழுதியிருக்கு. யாரும் கொடுக்கல."

சபை ஆழ்ந்து சிந்தித்தது. பல் மருத்துவர் ஆர்லோ க்ரீகர்தான் முதலில் தெளிந்தார்.

"புத்தகம் பொய் சொல்லலாம். கையுறை பொய் சொல்லுமாப்பா?"

"அது எதுவுமே சொல்லலியே, டாக்டர்" என்றார் ரஸ்ஸல்.

"அதைத்தான் நாணயம்னு சொல்றேன்" என்றார் ஆர்லோ.

வெண்டெல் குரலைத் தணித்தார். "ஏன் ரஸ்ஸல், 'உறுப்பினரா இருந்திருக்கலாம்'னு போட்டா என்ன? சுதந்திர தின ஊர்வலத்துல அந்தக் கண்ணாடிப் பெட்டி ஏறுற வண்டிதான் முதல்ல போகுது. உங்களுக்கு ஓட்டெடுப்பு அடுத்த வியாழன், ஞாபகமிருக்கட்டும்."

ரஸ்ஸல் புத்தகத்தை மூடினார். "இல்லாததை எழுத எனக்குக் கை வராதுங்க. முப்பது வருஷப் பழக்கம்."

அடுத்த வியாழன் அவர் வெளி அறையில் காத்திருந்தார். உள்ளே ஓட்டுப் பெட்டி சுற்றி வந்தது. பத்தொன்பது வெள்ளை, ஒரு கறுப்பு. எவ்வளவு கட்டுக்கோப்பான ஜனநாயகம். ரகசியம் காப்பது எங்கள் சங்கத்தின் உயிர்மூச்சு என்பதால், என் விரல்கள் அன்று எதை எடுத்தன என்று இங்கே சொல்வதற்கில்லை.

முடிவைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள்.

"ஒண்ணுதானா?" என்று கேட்டார் ரஸ்ஸல்.

"ஒண்ணுதான்."

"கர்னலுக்கும் ஒண்ணுதான்" என்று சிரித்தார். விருந்துக் கூடத்திலிருந்து சுட்ட பன்றிக்கறியின் வாசனை வந்துகொண்டிருந்தது. அவர் சாப்பிடாமல் படியிறங்கிப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் தொப்பி கிடந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போய், "கொடுத்துட்டு வந்துடட்டுமா?" என்று வெண்டெலிடம் கேட்டேன்.

அவர் அதை வாங்கித் தூசி தட்டினார். "அவசரப்படாதீங்க, பிரதர். ரொம்ப நேர்மையான மனுஷன். செத்ததுக்கப்புறம் நம்ம ஆளுன்னு சொல்லிக்க ஏதாவது வேணும்ல."

கண்ணாடிப் பெட்டியின் சாவி செயலாளரிடம்தான் இருக்கும். கையுறையைச் சற்று நகர்த்தினேன். தொப்பி கச்சிதமாக உட்கார்ந்தது.