டோனியின் ட்ரக்கும் என் நாலு தேசிக்காயும்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிவரைக்கும் தூங்கவேண்டும் என்பதைத் தவிர என் வாழ்க்கையில் பெரிய இலட்சியம் எதுவும் இருந்ததில்லை. அந்த ஒன்றையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், டோனி என்ற இத்தாலிக்காரனின் கராஜில் வேலை செய்தேன். திங்கள் முதல் சனி வரை அங்கே. இரவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை. மிஞ்சியது ஞாயிறு. அதற்கும் வினை வந்தது. டோனி ட்ரக் ரேஸ் ஓடுகிறவன். (நம்மூர் லொறி இல்லை, பின்பக்கம் திறந்த பிக்கப்.) ரொறன்ரோவுக்கு வெளியே, சோளக் காணிகளுக்கு நடுவில், ஒரு சின்ன வட்டப் பாதை. ஒவ்வொரு மே மாதமும் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஸோடுதான் சீசன் தொடங்கும்.

அந்த ரேஸின் சரித்திரம் முழுவதும் கராஜ் சுவரில் படங்களாகத் தொங்கியது. முதல் வருடம் டோனியின் ட்ரக்குக்கு முன்பக்கம் இல்லை. அடுத்த வருடம் பின்பக்கம் இல்லை. அதற்கடுத்த வருடம் ட்ரக் தலைகீழாகக் கிடக்க, டோனி பக்கத்தில் நின்று கையசைக்கிறான். ஓடுவது அவன். பிறகு கோடை முழுக்க, ஞாயிறு ஞாயிறாக, நெளிந்த தகரத்தை நிமிர்த்துவது நான். "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" என்பான். அந்தக் குடும்பத்தில் நித்திரை கொள்ள யாருக்கும் அனுமதி இல்லை.

அந்த வருடம் ட்ரக்கை எப்படியாவது முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். வெல்லவே வேண்டாம், நெளியாமல் வந்தால் போதும். அப்போதுதான் யாழ்ப்பாணத்து மினிபஸ்களும் பூசையன்று அவற்றின் சில்லுகளுக்குக் கீழே நசுங்கிய தேசிக்காய்களும் (எலுமிச்சைதான்) ஞாபகத்துக்கு வந்தன. நான் கத்தோலிக்கன். ஆகவே எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் இருந்த சரசு அன்ரியிடம் போய்க் கேட்டேன்.

"புது வாகனமோ?"

"இல்லை அன்ரி, ரேஸ் வாகனம்."

"எதெண்டாலும் ஒண்டுதான். நாலு சில்லுக்குக் கீழயும் தேசிக்காய் வை. தேங்காயைச் சுத்தி உடை. கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டு. மிச்சத்தைப் பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார்."

"நான் வேதக்காரன் அன்ரி."

"அவருக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையே? வடிவாக் கும்பிடு, போ."

ரேஸ் நாள் வந்தது. தேசிக்காய் வைத்தேன். டோனி சிரித்தான். தேங்காய் ஒரே அடியில் இரண்டாகப் பிளந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குக் கைதட்டல் தலைக்கேறிவிட்டது. தட்டில் கற்பூரத்தைக் குவித்து (முழுப் பெட்டியும், அன்ரி அளவு சொல்லவில்லை) கொளுத்தி, பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்கும் காட்டினேன். பக்கத்து ட்ரக்குக்கு ஒருவன் பெற்றோல் ஊற்றிக்கொண்டிருந்ததை, சத்தியமாக, நான் கவனிக்கவில்லை.

"ஃபயர்!" என்று யாரோ கத்தினார்கள். நாலு திசையிலிருந்தும் தீயணைக்கும் சிலிண்டர்களோடு ஓடிவந்தார்கள். நெருப்பு இருந்தது என் தட்டில் மட்டும். அவர்கள் அடித்ததோ எனக்கும் எஞ்சினுக்கும் சேர்த்து. புகை அடங்கியபோது, மாவில் புரட்டிய வாழைக்காய் மாதிரி, கையில் தட்டோடு நின்றேன். எஞ்சினுக்குள் ஒரே வெள்ளைத் தூள். இன்றைக்கு இது ஓடாது என்று சொல்லிவிட்டார்கள்.

டோனி என்னிடம் வந்தான். (அவன் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். கெட்ட வார்த்தைகளைக் கழித்தால் மிச்சம் இவ்வளவுதான்.) "ஒரு வருசமா இதுக்காகக் காத்திருந்தனான். நாளைக்கு வேலைக்கு வராதை."

ஞாயிறு மட்டும்தான் கேட்டேன். மனுஷன் வாரம் முழுவதையும் தந்துவிட்டான். இரவு வேலைக் காசு வீட்டு வாடகைக்கே போதாது.

எங்களை விட்டுவிட்டு ரேஸ் தொடங்கியது. முதல் வளைவிலேயே முன்னால் போன ட்ரக் வழுக்கி, பின்னால் வந்தவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. நல்லவேளை, ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் உருப்படியாக ஒரு ட்ரக்கும் மிஞ்சவில்லை. எங்களுடையது மட்டும் ஒரு கீறல் இல்லாமல், வெள்ளை வெளேரென்று நின்றது.

டோனி வளைவைப் பார்த்தான். ட்ரக்கைப் பார்த்தான். குனிந்து, நசுங்காத தேசிக்காய் ஒன்றை எடுத்து மோந்தான்.

"உங்கட கடவுள் பொல்லாத ஆள்தான்" என்றான். "காலமை ஏழு மணிக்கு வா. இனி எல்லா ரேஸுக்கும் நீ வேணும். நெருப்பு மட்டும் வேண்டாம்."

அவ்வளவுதான். என் ஞாயிறு ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் மற்ற ஓட்டக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை, விடியப்புறமே எழும்பி, ஒரு பை தேசிக்காயோடு வட்டப் பாதைக்குப் போய், ஊரான் ட்ரக்குகளுக்குக் கீழே தவழ்ந்தேன். இப்போது டோனியின் மகன் ஓடுகிறான். முழங்கால் நோவோடு நான் இன்னமும் தவழ்கிறேன்.

இடையில் ஒருநாள் எங்கள் பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைத் தேவாலயத்தில் காணவே கிடைப்பதில்லை, சுகமில்லையோ என்று அக்கறையாகக் கேட்டார். நான் வாயைத் திறக்கமுதல் என் மனைவி தேத்தண்ணியை நீட்டியபடி சொன்னாள்:

"சுகமாத்தான் இருக்கிறார், ஃபாதர். ஞாயிறில அவருக்கு வேற கோயில்ல ஐயர் வேலை."